மிக மலிவான பழைய கார்: அறிகுறியைப் பார்த்து வாங்குவதா, விடுவதா?

மிகக் குறைந்த விலைக்கு வரும் காரில் ஏதாவது ஒரு குறை இருந்தே தீரும். குறையே இல்லாத காரைத் தேடி அலைய வேண்டாம். கண்ணில் பட்ட குறை எதனால் வருகிறது, சரிசெய்ய என்ன ஆகும், அந்தச் செலவையும் சேர்த்த பிறகு இந்த விலை மலிவுதானா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தவர்களுக்காகக் கார் பார்க்கப் போகும்போதெல்லாம் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் அறிகுறிகளை இங்கே எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவு குறைந்த காரணம் முதலில் வரும், கூடியது கடைசியில் வரும்.

கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வையுங்கள். டயர், பேட்டரி, ஆயில், பிரேக் இவற்றில் குறைந்தது இரண்டு, வாங்கிய கொஞ்ச நாளிலேயே பணம் கேட்கும்.

பார்க்கப் போகும்போது டார்ச், துணி சுற்றிய சின்ன காந்தம், வெள்ளைத் துணி, மல்டிமீட்டர் இருந்தால் போதும். காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. பகல் வெளிச்சத்தில் போங்கள். மழையில் நனைந்த காரைப் பார்க்காதீர்கள், பெயின்டின் ஒட்டுவேலை ஈரத்தில் தெரியாது.

## நீங்கள் போகும்போதே போனட் சூடாக இருக்கிறது

"நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்பே சொல்லி வையுங்கள். போனதும் முதல் வேலையாகப் போனட்டில் கை வைத்துப் பாருங்கள்.

சூடாக இருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை, கடைக்குப் போய் வந்திருக்கலாம். ஆனால் பழைய இன்ஜினின் நோய்கள் பலவும் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் வெளியே வரும். காலை நீலப்புகை, செயின் சத்தம், இழுத்து இழுத்துப் பிடிக்கும் செல்ஃப் எல்லாம் சூடான இன்ஜினில் மறைந்துவிடும். மற்றதைப் பார்த்து முடித்துவிட்டு, இன்ஜினை மட்டும் மறுநாள் காலை வந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். மறுநாளும் சூடாகவே இருந்தால், அல்லது வரவே வேண்டாம் என்றால், அந்தக் காரை விட்டுவிடலாம்.

## சாவியைத் திருப்பினால் பிடிக்கவில்லை

"டக், டக்" என்று சத்தம் மட்டும் வருகிறது. முதலில் பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்கினாலே சரியாகிவிடும். அடுத்தது பேட்டரி. நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி, வண்டி ஓடாமல் நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் பாதி சார்ஜ்கூட இல்லை. ஸ்டார்ட் ஆனபின் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் குறை, ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கலாம். பேட்டரி நன்றாக இருந்தும் ஒரே ஒரு "டக்" மட்டும் வந்தால் செல்ஃப் மோட்டாரைப் பார்க்க வேண்டும். இவை எல்லாமே தாங்கக்கூடிய செலவுகள்தான்.

வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக், பெட்ரோல் பம்ப், சென்சார். டீசலில் ஹீட்டர் பிளக், அடுத்து இன்ஜெக்டர், கடைசியில் ஹை பிரஷர் பம்ப். டீசலில் கடைசி இரண்டும் விலை கூடியவை. மெக்கானிக் பார்த்துச் சொல்லாமல் பேரம் பேசாதீர்கள்.

சுற்றும் சத்தம் சீராக இல்லை, ஒரு தாளத்தில் விட்டு விட்டு வேகம் கூடுகிறது. ஒரு சிலிண்டரில் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்திப் பிடிக்கும் திறன், போயிருக்கலாம். கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்யாமல் இந்தக் காரைத் தொட வேண்டாம்.

"பேட்டரிதான் வீக், மாத்தினா ஓடிடும்" என்று விற்பவர் சொல்வது பல நேரம் உண்மைதான். அப்படியானால் அவரே ஒரு பேட்டரி ஏற்பாடு செய்து ஓட்டிக் காட்டட்டும். ஓடாத காருக்கு உதிரிபாக விலைக்கு மேல் கொடுக்கக் கூடாது.

## சைலன்சரில் புகை வருகிறது

ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் காருக்குப் பின்னால் நில்லுங்கள்.

மெல்லிய வெண்மை, சில நிமிடத்தில் மறைகிறது. குளிர்ந்த நேரத்தில் வரும் நீராவி. கவலை இல்லை.

கறுப்பு. எரிபொருள் தேவைக்கு மேல் போகிறது, அல்லது காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பில் தொடங்குங்கள். அடுத்து சென்சார், இன்ஜெக்டர். டீசலில் அழுத்தி மிதிக்கும்போது கொஞ்சம் கறுப்பு வருவது பழைய வண்டிகளில் சகஜம். பிக்கப்பும் சேர்ந்து குறைந்திருந்தால் டர்போ பக்கம் காற்றுக் குழாய் விரிசலா, டர்போவே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும்.

நீலம். ஆயில் எரிகிறது. எப்போது வருகிறது என்பதைக் கவனித்தால் காரணம் பாதி பிடிபட்டுவிடும். நெடுநேரம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வ் சீல். ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டு சில காலம் ஓட்டலாம், விலையில் குறைத்துக் கேளுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், அது இன்ஜினைப் பிரிக்கும் வேலை. இதை உறுதிப்படுத்த, ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். கொஞ்சம் ஆவி வருவது இயல்பு. புகைபோக்கி போலப் புஸ் புஸ் என்று அடித்தால் ரிங் வழியாக அழுத்தம் கீழே கசிகிறது. மிக மலிவான காரில் இந்த வேலை காரின் விலையைத் தாண்டிவிடும், விட்டுவிடுங்கள்.

அடர்ந்த வெள்ளை, இன்ஜின் சூடான பிறகும் நிற்கவில்லை, இனிப்பு வாடை அடிக்கிறது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எரிகிறது. நேராக அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## வண்டி ஹீட் ஆகிறது, அல்லது ஆகுமோ என்று சந்தேகம்

மலிவான கார்களை அதிகம் சாகடிப்பது இந்த ஒரு குறைதான், அதனால் இதற்கு மட்டும் அவசரப்படாமல் நேரம் ஒதுக்குங்கள். விற்பவர் காட்டும் ஐந்து நிமிட ஓட்டத்தில் இது தெரியவே தெரியாது. குறைந்தது இருபது நிமிடம் ஓட்டி, பிறகு ஏசியைப் போட்டு நிறுத்தி, ஐட்லிங்கில் பத்து நிமிடம் விடுங்கள். டாஷ்போர்டில் வெப்பநிலை காட்டும் முள் நடுவிலேயே நிற்க வேண்டும், ரேடியேட்டர் ஃபேன் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். முள் இல்லாத வண்டி என்றால் ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது 85 முதல் 105 டிகிரிக்குள் நிற்கும்.

ஓட்டும் முன்பு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே கூலன்ட் டேங்கைப் பார்த்துவிடுங்கள். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஒருபோதும் திறக்காதீர்கள், யாரையும் திறக்க விடாதீர்கள்.

டேங்கில் வெறும் தண்ணீர்தான் இருக்கிறது. எங்கோ ஒழுகுகிறது, கூலன்ட் வாங்கி ஊற்றிக் கட்டுப்படியாகாமல் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஹோஸ், கிளிப், ரேடியேட்டர் மூடி இவற்றில் இருந்தால் சின்னச் செலவு. தண்ணீர் துருநிறத்தில் இருந்தால் ரேடியேட்டரும் ஹீட்டர் குழாய்களும் உள்ளே அரித்திருக்கலாம்.

நின்றால் ஹீட் ஆகிறது, ஓடினால் இறங்குகிறது. ஃபேன் பக்கம் பாருங்கள். ஃபியூஸ், ரிலே, பிறகு மோட்டார். இதைச் சாக்காக வைத்து விலையைக் குறைத்து வாங்கலாம்.

வேகத்தில் ஹீட் ஆகிறது. கூலன்ட் அளவு சரி என்றால் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வ்), ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் என்ற வரிசையில் போக வேண்டும். நடுத்தரச் செலவு.

எவ்வளவு ஓட்டினாலும் முள் ஏறவே இல்லை. தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கலாம். அல்லது ஹீட் ஆவதை மறைக்க அதைக் கழற்றியே எறிந்திருக்கலாம். ஏன் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் கீழே உள்ள சோதனையையும் செய்துவிடுங்கள்.

கூலன்ட் குறைகிறது, ஆனால் வெளியே எங்கும் ஒழுகல் இல்லை. ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவே உள்ள சீல்) போயிருக்க வாய்ப்பு அதிகம். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் சில குமிழி வரலாம். விடாமல் கொப்பளித்துக்கொண்டே இருந்தால் எரிந்த வாயு கூலன்டுக்குள் போகிறது. மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகுவதும் இதே அடையாளம். ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் ஆயிலும் கூலன்டும் கலந்துவிட்டன. ஆயில் மூடியின் அடியில் மட்டும் லேசான வெளுத்த பசை இருந்து, குச்சி சுத்தமாக இருந்தால், அது குறுகிய தூரமே ஓடும் வண்டியில் படியும் ஈரமாகவும் இருக்கலாம். அதற்காக ஒரு நல்ல காரைத் தள்ளிவிட வேண்டாம்.

மெக்கானிக்கிடம் இதற்கென்றே ஒரு சோதனைத் திரவம் உண்டு. கூலன்ட் டேங்கின் வாயில் வைத்தால், எரிந்த வாயு இருக்கும்போது நீலம் மஞ்சளாக மாறும். சந்தேகம் இருந்தால் அதைச் செய்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது முள் சிவப்புக்குப் போனால் அங்கேயே ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள். அலுமினிய ஹெட் ஒருமுறை வளைந்துவிட்டால் கேஸ்கட் மட்டும் மாற்றி மீளாது. ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டும். எனக்கு இந்த இடத்தில் பேரமே கிடையாது, திரும்பி வந்துவிடுவேன்.

## டாஷ்போர்டு விளக்குகள்

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் கொண்டுவாருங்கள். செக் இன்ஜின், ஆயில், பேட்டரி, ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும்.

ஒன்று எரியவே இல்லை. எரிந்துகொண்டே இருந்த விளக்கை மறைக்க பல்பை எடுத்திருக்கலாம் அல்லது ஒட்டி மூடியிருக்கலாம். ஏர்பேக் விளக்கு வேறொரு விளக்கோடு சேர்ந்தே எரிந்து சேர்ந்தே அணைந்தால், அதனோடு இணைத்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். விபத்தில் ஏர்பேக் வெடித்து, புதியது போடாத காராக இருக்கலாம். உயிர் சம்பந்தப்பட்டது, விட்டுவிடுங்கள்.

செக் இன்ஜின் எரிகிறது. பயப்படாமல் ஸ்கேனரைச் செருகி, அது காட்டும் கோளாறுக் குறியீட்டை எழுதிக்கொள்ளுங்கள். பெட்ரோல் டேங்க் மூடி சரியாக மூடாததில் தொடங்கி, ஆக்சிஜன் சென்சார், இக்னிஷன் காயில், கடைசியில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) வரை எதுவாகவும் இருக்கலாம். ஓட்டும்போது விளக்கு சிமிட்டினால் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. அப்படியே ஓட்டினால் கன்வெர்ட்டரும் போகும்.

விளக்கு எரியவில்லை, கோளாறுக் குறியீடும் இல்லை. ஸ்கேனரில் ரெடினஸ் பகுதியையும் (கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் இடம்) பாருங்கள். பல சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால் சமீபத்தில்தான் குறியீட்டை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். இரண்டில் எது என்று கேளுங்கள்.

சூடானபின் ஐட்லிங்கில் ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஆயில் குறைவு, தவறான ஆயில், சென்சார், ஆயில் பம்ப், பேரிங் தேய்மானம் என்று வரிசை. முதல் மூன்றையும் அங்கேயே நிரூபிக்க முடியாவிட்டால் கடைசியைத்தான் நினைக்க வேண்டும்.

## இன்ஜினில் சத்தம்

மேலிருந்து லேசான டிக் டிக் என்றால் டேப்பெட் அல்லது குறைந்த ஆயில். குளிர்ந்த ஸ்டார்ட்டில் சில வினாடி கடகடவென்று அடித்து அடங்கினால் டைமிங் செயினும் (வால்வுகளை இன்ஜினோடு சேர்த்து இயக்கும் செயின்) அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும். நடுத்தரம் முதல் பெரிய செலவு வரை போகும். அடியிலிருந்து, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது கனமாக "தொம் தொம்" என்று தட்டினால் கனெக்டிங் ராட் பேரிங். அதோடு பேச்சு முடிந்தது.

டைமிங் செயினுக்குப் பதில் பெல்ட் ஓடும் இன்ஜின் என்றால் அந்த டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று ரசீதோடு கேளுங்கள். அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். பெல்ட்டோடு வாட்டர் பம்பையும் மாற்றுவதுதான் வழக்கம்.

## கிளட்ச், கியர்

மிதித்தால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. சமதளத்தில் மெதுவாகப் போகும்போது நான்காவது கியரில் முழுதாக மிதித்துப் பாருங்கள். ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) மட்டும் துள்ளினால் உறுதி. கேபிள் இறுக்கமாக இருந்தால் சரிசெய்யலாம், இல்லாவிட்டால் கிளட்ச் செட். சில டீசல்களில் டூயல் மாஸ் ஃபிளைவீலும் (நடுவே ஸ்பிரிங் உள்ள இரட்டை ஃபிளைவீல்) சேர்ந்து போகும், அதன் விலையை முதலில் விசாரித்துவிடுங்கள்.

கியர் மாற்றும்போது கரகரக்கிறது. எல்லாக் கியரிலும் என்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை. இரண்டாவதில் மட்டும் என்றால் அந்தக் கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. மெதுவாக மாற்றி ஓட்டிக்கொள்ளலாம் என்றால் விலை குறைத்து வாங்கலாம்.

ஆட்டோமேட்டிக் கார், டிரைவ் (D) நிலையில் போட்டதும் நின்று யோசிக்கிறது, பிறகு இடித்துக்கொண்டு கிளம்புகிறது. கியர் ஆயில் குறைவா என்று முதலில் பாருங்கள். வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள்: பல ஆயில்கள் சிவப்பாக இருக்கும், கறுத்துக் கருகிய வாடை அடித்தால் உள்ளே கிளட்சுகள் எரிந்திருக்கின்றன. மிக மலிவான ஆட்டோமேட்டிக் காரில் கியர்பாக்ஸ் குறையை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

## ஓட்டும்போது இழுக்கிறது, தட்டுகிறது, நடுங்குகிறது

இந்தப் பகுதியில் மனதைத் தளர்த்திக்கொள்ளலாம். இங்கே வரும் குறைகள் பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை, விற்பவரோடு பேரம் பேசவும் நல்ல பிடி கொடுக்கும்.

ஒரு பக்கம் இழுத்தால் டயர் காற்று, அலைன்மென்ட். பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால் காலிப்பர் இறுகியிருக்கும். பிரேக்கில் ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க். முழுதாக ஒடித்துத் திரும்பும்போது "கட கட" என்றால் ஆக்சிலின் வெளி ஜாயின்ட். பள்ளத்தில் தட்டினால் லிங்க் ராட், புஷ், பால் ஜாயின்ட். வேகத்தோடு கூடும் உறுமல் வளைவில் மாறினால் வீல் பேரிங்.

ஆனால் பிரேக் பெடலை அழுத்திப் பிடிக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் நிறுத்திவிடுங்கள். ஒழுகலோ மாஸ்டர் சிலிண்டரோ எதுவாயினும், சரிசெய்யும் வரை அந்தக் காரைச் சாலையில் ஓட்டக் கூடாது. வாங்கினாலும் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டை நன்றாக இருந்தும் ரப்பர் வெடித்திருந்தால் நான்கு டயர் விலையைக் கழியுங்கள். உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதற்கும் மேல் வளைந்த பாகம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

## பாடியில் துரு, புது பெயின்ட், ஈர வாடை

துரு. கதவு ஓரம், ஃபெண்டர் என்றால் அழகு மட்டும்தான் போகிறது. மலிவான காருக்கு அது பொருட்டே இல்லை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பாடி விளிம்பு, ஷாக் அப்சார்பர் மேலே மாட்டும் இடம், அடியில் நீளும் சேசிஸ் பட்டை இவற்றை, தரை விரிப்பைத் தூக்கியும், அடியில் குனிந்தும் பாருங்கள். விரலால் அழுத்தினால் உதிர்ந்தால் வெல்டிங் வேலை. பெரிதாக இருந்தால் கார் வேண்டாம்.

ஒரு பேனல் மட்டும் பளபளக்கிறது. காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) கனமாகப் பூசியிருக்கலாம். கொஞ்சம் பட்டி இருந்தால் பரவாயில்லை. போனட்டைத் திறந்து போல்ட்டுகளில் பெயின்ட் உடைந்திருக்கிறதா, ரப்பர் ஓரத்தில் பெயின்ட் தெறித்திருக்கிறதா, இரு பக்க இடைவெளியும் ஒரே அளவா என்று பாருங்கள். முன்பக்கம் முழுதும் மாற்றியதாகத் தெரிந்தால் அலைன்மென்ட் நிற்குமா என்று மெக்கானிக் சொல்ல வேண்டும்.

பூஞ்சை வாடை, ஈரமான கார்பெட். கதவு ரப்பரோ ஏசி தண்ணீர்க் குழாய் அடைப்போ இருக்கலாம், அது சின்ன வேலை. வெள்ளத்தில் மூழ்கியதா என்று பார்க்க, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா? சீட் போல்ட்டுகளில் துரு, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் பூப்பு? இவற்றில் இரண்டு இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வயரிங்கில் வரும் கோளாறு ஒன்று தீர்ந்தால் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும்.

ஏசி குளிரவில்லை என்றால் "கேஸ் போட்டா போதும்" என்பார்கள். கேஸ் தானாகத் தீராது, ஒழுகியிருக்கிறது. ஏசி இல்லாமலும் ஓட்டுவேன் என்றால் மட்டும் இதை மன்னியுங்கள்.

## மீட்டரும் காகிதமும் ஒத்துப்போகவில்லை

குறைந்த கிலோமீட்டர் காட்டுகிறது, ஆனால் பெடல் ரப்பர் வழுவழுத்து, ஸ்டியரிங் மினுமினுத்து, டிரைவர் சீட் சரிந்திருக்கிறது. ரப்பரையும் சீட்டையும் நம்புங்கள். சர்வீஸ் ரசீதுகளில் எழுதிய எண்கள் தேதி வரிசையில் ஏறிக்கொண்டே போகின்றனவா என்றும் பாருங்கள்.

சேசிஸ் நம்பர் பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 17 இடங்கள் கொண்டது. காரில் பொறித்திருப்பதையும் பதிவு ஆவணத்தில் உள்ளதையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். தேய்த்த தடமோ புது வெல்டிங்கோ தெரிந்தால் பேச்சை நிறுத்துங்கள். விற்பவர் பெயரும் ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டாலும், கடன் அடைத்த சான்று வராவிட்டாலும் முன்பணம்கூட வேண்டாம். இந்தக் குறையை எந்த மெக்கானிக்கும் சரிசெய்ய முடியாது.

## எல்லாம் சரியாகத் தெரிகிறது

அப்புறமும் உங்களுக்குத் தெரிந்த, விற்பவருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மலிவான காருக்கு எதற்கு இந்தக் கூலி என்று நினைக்க வேண்டாம். மலிவான காரில்தான் ஒரே ஒரு பெரிய குறை முழு விலையையும் விழுங்கும்.

மெக்கானிக்கிடம் "வண்டி எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "ஓடும்" என்பார். மூன்று கேள்வியாகக் கேளுங்கள். இப்போதே செய்ய வேண்டியது என்ன? ஒரு வருடத்துக்குள் வரக்கூடியது என்ன? நீங்களாக இருந்தால் எந்தக் காரணத்துக்காக இதை விடுவீர்கள்? முதல் பதிலின் தொகையை விலையில் கழியுங்கள், இரண்டாவதை ஒதுக்கி வைத்த பணத்தோடு ஒப்பிடுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் தயங்காமல் ஒரு காரணம் சொன்னால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லிஃப்டில் ஏற்ற விற்பவரே சம்மதிக்கவில்லை என்றாலும் அப்படியே.